மனப்பூர்வமான ஈவு

(மருத்துவமனை ஆதரவாளர்கள் கூடுகையில் டயாலிசிஸ் பிரிவு ஊழியர்கள் சார்பாக அளிக்கப்பட்ட உரை)



இந்தக் கூடுகையில் ஏதாவது ஒரு பிரிவின் ஊழியத்தைப் பற்றிச் சொல்லுவது வழக்கம். இந்த முறை டயாலிசிஸ் பிரிவுக்கு அந்தச் சிலாக்கியம் கிடைத்திருக்கிறது. உங்கள் காணிக்கையினால் வாங்கிய இயந்திரங்களைக் கூடுகை முடிந்ததும் நீங்களே வார்டுக்கு வந்து பார்க்கலாம். வார்டில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாரத்தைப் பற்றி இப்போது பேச விரும்புகிறோம். பெற்ற தாய்க்கோ தகப்பனுக்கோ ஒரு சிறுநீரகம் வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு, அதை யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது என்று ஒரு குடும்பம் சுமக்கிற பாரம் அது.

நோயும் சிகிச்சையும்

நமக்குச் சிறுநீரகங்கள் இரண்டு. ஒவ்வொன்றும் கைமுஷ்டி அளவுதான். இரண்டும் சேர்ந்து ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீரை இரத்தத்திலிருந்து வடிகட்டி, சரீரத்துக்கு வேண்டியதைத் திரும்பச் சேர்த்துவிட்டு, ஏறக்குறைய ஒன்றரை லிட்டரை மட்டும் சிறுநீராக வெளியேற்றுகின்றன. சர்க்கரை வியாதியும் இரத்தக் கொதிப்பும் இந்த வேலையைச் சத்தமில்லாமல் கெடுத்துவிடும். வலி இராது. கால் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல், மூச்சு வாங்கி ஒருவர் எங்களிடம் வருகிறபோது பெரும்பகுதி போயிருக்கும்.

அதன் பிறகு டயாலிசிஸ்தான். வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் 4 மணி நேரம் என்பது சரியான அளவு. கூலி வேலை செய்கிறவர்கள் பஸ் செலவுக்குப் பயந்து இரண்டு முறையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். டயாலிசிஸ் உயிரைக் காக்கிறது. ஆனால் நல்ல சிறுநீரகம் இரவும் பகலும் செய்கிற வேலையை வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரத்தில் முழுவதும் செய்ய அதனால் கூடாது. ஆகவே தகுதியுள்ளவர்களுக்கு மாற்று சிறுநீரகமே சிறந்த வழி. உயிரோடிருக்கிற ஒருவர் தருகிற சிறுநீரகம் பெரும்பாலும் 15 முதல் 20 ஆண்டுகள் வரை வேலை செய்கிறது.

இந்தச் சிகிச்சை 1954 டிசம்பர் 23-ம் தேதி அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்தில் முதன்முதலாக வெற்றி கண்டது. ரொனால்ட் ஹெரிக் என்பவர் தம்மோடு ஒரே கருவில் பிறந்த இரட்டைச் சகோதரர் ரிச்சர்டுக்குத் தம் சிறுநீரகம் ஒன்றைக் கொடுத்தார். அறுவை செய்த டாக்டர் ஜோசப் மரேக்கு 1990-ல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த ஆபரேஷனுக்கு முன்பு டாக்டர்களை மிகவும் கலங்கச் செய்த கேள்வி எது தெரியுமா? நல்ல சுகத்தோடிருக்கிற ஒருவரை, அவருடைய சரீரத்துக்கு எந்த நன்மையும் இல்லாத காரியத்துக்காக அறுப்பது சரியா என்பதே. மற்ற டாக்டர்களிடமும் சட்டம் அறிந்தவர்களிடமும் ஆலோசனை கேட்டார்கள். பல சபைகளைச் சேர்ந்த போதகர்களிடமும் கேட்டார்கள். நமது நாட்டில் 1971-ல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. அந்தப் பழைய கேள்வி இன்றைக்கும் ஒவ்வொரு குடும்பத்திலும் புதிதாக எழும்புகிறது.

எங்கள் மருத்துவமனையில் டயாலிசிஸ் உண்டு. மாற்று அறுவை சிகிச்சை இல்லை. அதற்கு அனுமதி பெற்ற பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறோம். ஆனால் அனுப்புவதற்கு முன்பு மாதக்கணக்காக அந்தக் குடும்பம் எங்களோடுதான் இருக்கிறது. பேச்சும் அழுகையும் கோபமும் எங்கள் வராந்தாவில்தான் நடக்கின்றன.

ஒரு தாயின் குடும்பம்

சமீபத்தில் நாங்கள் கவனித்த ஒரு குடும்பத்தைப் பற்றி அவர்களுடைய சம்மதத்தோடு சொல்லுகிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். சில விவரங்களையும் மாற்றியிருக்கிறோம்.

அந்த அம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பீடி சுற்றிப் பிள்ளைகளை வளர்த்தவர். ஒரு மகன், இரண்டு மகள்கள். கணவருக்குப் பல வருடங்களாகச் சர்க்கரை வியாதி. அவர் கொடுக்க முடியாது. மகன் முதலில் வந்து நின்றார். அம்மாவுக்கு ஓ குரூப் இரத்தம், மகனுக்கு பி. ஓ குரூப் உள்ளவர் யாருக்கும் கொடுக்கலாம். ஆனால் இன்னொரு ஓ குரூப்காரரிடமிருந்து மட்டுமே சாதாரணமாக வாங்க முடியும். மகன் வெளியே போய் வெகுநேரம் மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்.

அடுத்து மூத்த மகள். இரத்தப் பிரிவு சேர்ந்தது. பிறகு கிராஸ்மேட்ச் என்கிற பரிசோதனை செய்தார்கள். கொடுக்கிறவருடைய அணுக்களை வாங்குகிறவருடைய இரத்தம் எதிர்க்கிறதா என்று பார்ப்பது அது. எதிர்த்தது. "நான் பெத்த பிள்ளையை என் உடம்பே வேண்டாம்னு சொல்லுதா?" என்று அந்தத் தாய் கேட்டார்கள். இதை நீங்களும் அறிந்துகொள்வது நல்லது. பிள்ளையின் சரீரத்தில் பாதி அடையாளம் தாயினுடையது, பாதி தகப்பனுடையது. கர்ப்ப காலத்தில் அந்தத் தகப்பன்வழி அடையாளத்தைத் தாயின் சரீரம் அந்நியமாகக் கண்டு, அதற்கு விரோதமான எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கி வைத்திருக்கலாம். வருஷங்கள் கழித்து அதே பிள்ளை சிறுநீரகம் கொடுக்க வரும்போது அது குறுக்கே நிற்கிறது. தாய்ப்பாசத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எங்கள் சிஸ்டர் பலமுறை எடுத்துச் சொன்ன பிறகே அவர்கள் மனம் ஆறினது. அடிக்கடி இரத்தம் ஏற்றிக்கொள்வதாலும் இப்படிப்பட்ட எதிர்ப்பு உண்டாகும். ஆகையினால்தான் சோகை பிடித்த சிறுநீரக நோயாளிகளுக்கு, கூடுமானவரை இரத்தம் ஏற்றாமல், இரும்புச் சத்தும் எரித்ரோபொய்ட்டின் ஊசியும் கொடுக்கிறோம். ஏழை நோயாளர் நிதிக்கு நீங்கள் அனுப்பும் காணிக்கையில் ஒரு பகுதி அந்த ஊசிக்குப் போகிறது.

இளைய மகளுக்கு இருபத்திரண்டு வயது. எல்லாம் பொருந்தியது. அவளும் தயாராக இருந்தாள். தாய்தான் மறுத்துவிட்டார்கள். "அவ இன்னும் வாழவே ஆரம்பிக்கல. அவ வயித்துல கத்தி வச்சு நான் பிழைக்க வேண்டாம்" என்றார்கள். டயாலிசிஸுக்கு வருவதையும் ஒரு வாரம் நிறுத்திவிட்டார்கள்.

எங்கள் காலை ஜெப வேளையில் ஆயர் தாவீது ராஜாவை நினைப்பூட்டினார். பெத்லகேம் கிணற்றுத் தண்ணீரின்மேல் அவர் ஆசைப்பட்டபோது மூன்று வீரர் பகைவருடைய பாளயத்தைக் கடந்துபோய், உயிரைப் பொருட்படுத்தாமல் மொண்டுகொண்டு வந்தார்கள். தாவீது அதைக் குடிக்க மனதில்லாமல் கர்த்தருக்கென்று ஊற்றிப்போட்டார். அந்த அம்மாவின் மனதும் அப்படித்தான் இருந்தது. ஆகவே நாங்கள் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. பிள்ளையின் சரீரத்தை இவ்வளவு அருமையாக எண்ணுகிற தாயிடம் "வாங்கிக்கொள்ளுங்கள்" என்று வற்புறுத்த எங்களுக்கு உரிமையும் இல்லை. டயாலிசிஸை மட்டும் விட வேண்டாம் என்று கெஞ்சினோம். எங்கள் சமூகப் பணியாளர் வீடு தேடிப்போய் அழைத்து வந்தார்.

தாயின் பயத்தில் நியாயமும் இருந்தது. சிறுநீரகம் கொடுத்த பெண்கள் பிற்பாடு கர்ப்பமாகிறபோது இரத்தக் கொதிப்பு வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். பெரும்பாலோர் சுகமாகப் பிரசவிக்கிறார்கள் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் அந்த மகளிடம் மறைக்காமல் சொன்னோம்.

இப்படியிருக்கையில் ஒரு நாள் சாயங்காலம் அந்த அம்மாவின் தம்பி வந்தார். விசைத்தறியில் வேலை செய்கிறவர், நாற்பத்தாறு வயது. யாரும் அவரிடம் சொல்லவில்லை. உறவுக்காரர் வீட்டு விசேஷத்தில் கேள்விப்பட்டிருக்கிறார். படுக்கை அருகே வந்து, "என்னை ஏன்க்கா கேட்கல?" என்றார். "உனக்கும் பிள்ளைகுட்டி இருக்கேடா" என்றார்கள் அவர்கள். பெற்றோரைச் சிறுவயதில் இழந்த அவரை அக்காள்தான் வளர்த்திருக்கிறார்கள். "நீ பட்டினி கிடந்து எனக்குச் சோறு போட்டியே, அன்னைக்கு நான் வேண்டாம்னு சொன்னேனா? இப்ப நீ மட்டும் ஏன் சொல்ற?" என்று அவர் கேட்டார். நாங்கள் பல வாரங்களாகச் சொல்ல முடியாததை அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார்.

கூடப்பிறந்தவர்களுக்குள் திசுப் பொருத்தம் முழுமையாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. அவருக்கு முழுமையாக இல்லை, பாதி பொருந்தியது. அது போதுமானது. கிராஸ்மேட்சும் எதிர்க்கவில்லை.

கொடுக்கிறவரைக் காப்பது

அவர் சம்மதித்ததும் வேலை முடிந்துவிடவில்லை. உண்மையில் எங்கள் பொறுப்பு அங்கேதான் ஆரம்பிக்கிறது. நோயாளிக்காகப் பேச முழுக் குடும்பமும் இருக்கிறது. கொடுக்க வந்தவருக்காகப் பேச ஒருவரும் இல்லாமல் போகலாம்.

ஆகவே கொடுக்க முன்வருகிற ஒவ்வொருவரோடும் தனியாகப் பேசுகிறோம். கணவன், மாமியார், அண்ணன் யாரும் அந்த அறையில் இருப்பதில்லை. மூன்று காரியங்களைக் கேட்கிறோம். உங்களை யாராவது வற்புறுத்தினார்களா? பணமோ சொத்தோ தருவதாகச் சொன்னார்களா? வேண்டாம் என்று சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்? மூன்றாவது கேள்விக்குத்தான் பலர் அழுகிறார்கள். நம் நாட்டில் உயிரோடு சிறுநீரகம் கொடுக்கிறவர்களில் பெண்களே அதிகம். தாயும் மனைவியும் கேளாமலே முன்வருகிறார்கள் அல்லது முன்னே நிறுத்தப்படுகிறார்கள். கொடுக்கிறவர் பெண்ணானால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும் என்றும், அவருடைய சுயமான சம்மதத்தை வாங்குகிறவரல்லாத வேறொருவர் மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்றும் 2014-ம் ஆண்டு விதிகளே சொல்லுகின்றன.

தனி அறையில் ஒருவர் "எனக்குப் பயமாக இருக்கிறது, மனமில்லை" என்று சொன்னால், வெளியே வந்து குடும்பத்தாரிடம், "இவர் கொடுக்கத் தகுதியானவர் அல்ல" என்று மாத்திரம் டாக்டர் சொல்லுவார். காரணம் சொல்லப்படாது. இது பொய்யல்லவா என்று ஒரு புதிய ஊழியர் எங்களைக் கேட்டார். பொய்யல்ல என்றோம். நல்ல இரத்தமும் நல்ல சிறுநீரகமும் இருந்தாலும் மனமில்லாதவர் இந்தக் காரியத்துக்குத் தகுதியானவர் அல்ல. அந்த அறையில் பேசியது எந்தக் குடும்பத்திலும், எந்தச் சபையிலும் வெளியே வந்ததில்லை, வரவும் வராது.

ஆபத்து இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது, ஆனால் சிறியது. கொடுக்கிறவர் ஆபரேஷனால் மரிப்பது பதினாயிரம் பேரில் ஏறக்குறைய 3 பேர் அல்லது அதற்கும் குறைவு. மிஞ்சியிருக்கிற சிறுநீரகம் சற்றுப் பெரிதாகி, இரண்டும் செய்த வேலையில் ஏறக்குறைய 70 சதவீதத்தைத் தானே செய்யும். சில நாட்களில் வீட்டுக்குப் போகலாம். பாரமான வேலைக்குத் திரும்ப ஆறு வாரம் வேண்டும். பிற்காலத்தில் அவருக்கே சிறுநீரகம் செயலிழக்கும் வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. ஆனால் வருடந்தோறும் இரத்த அழுத்தம், சர்க்கரை, சிறுநீர் பார்க்க வேண்டும்.

அந்தத் தம்பியின் மனைவியிடமும் இவை எல்லாவற்றையும் சொன்னோம். முதல் நாள் அவர் வாய் திறக்கவில்லை. தனியே உட்காரவைத்தபோது, "இருக்கிற ஒண்ணும் கெட்டுப்போனா என் பிள்ளைங்க கதி என்ன சிஸ்டர்?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். நாங்கள் அவசரப்படுத்தவில்லை. இரண்டு வாரம் கழித்து அவரே வந்து, "அவரு போகட்டும். போகாம இருந்தா அவரு அவரா இருக்க மாட்டாரு" என்றார்.

சட்டமும் சந்தையும்

1994-ம் ஆண்டு மனித உறுப்பு மாற்றுச் சட்டம் உறுப்புகளை விற்பதையும் வாங்குவதையும் குற்றமாக்கியது. பெற்றோர், பிள்ளைகள், கூடப்பிறந்தவர்கள், கணவன், மனைவி ஆகியோர் நெருங்கிய உறவினர். 2011-ம் ஆண்டுத் திருத்தம் தாத்தா, பாட்டி, பேரப்பிள்ளைகளையும் சேர்த்தது. மற்ற எவரும் அன்பினால் கொடுக்கிறார் என்று அங்கீகாரக் குழு விசாரித்து ஒப்ப வேண்டும். பொருந்தாத இரண்டு குடும்பங்கள் தங்களுக்குள் மாற்றிக் கொடுத்துக்கொள்ளவும் அந்தத் திருத்தம் வழி திறந்தது. விலைக்கு வாங்கினால் 5 முதல் 10 ஆண்டு சிறையும், 20 லட்சம் ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு.

எங்கள் வராந்தாவிலும் தரகர் எப்போதாவது தலைகாட்டுவதுண்டு. "கடனில் இருக்கிற ஒருவருக்குப் பணம், நோயாளிக்கு உயிர், இதில் யாருக்கு நஷ்டம்?" என்று சில நல்ல விசுவாசிகளே எங்களிடம் கேட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு நாங்கள் ஒரு ஆய்வைக் காட்டுகிறோம். சென்னையில் சிறுநீரகத்தை விற்ற 305 பேரை 2001-ல் சந்தித்து விசாரித்தார்கள். முடிவு 2002-ல் அமெரிக்க மருத்துவ இதழில் வெளியானது. 96 சதவீதம் பேர் கடன் அடைக்கவே விற்றிருந்தார்கள். விற்ற பிறகு குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. கடனுக்காக விற்றவர்களில் நான்கில் மூன்று பேர் அப்போதும் கடனிலேயே இருந்தார்கள். 86 சதவீதம் பேர் சரீர சுகம் குன்றிவிட்டது என்றார்கள். மற்றவர்களும் இப்படி விற்கலாமா என்று கேட்டபோது, 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றே சொன்னார்கள். ஈவாகக் கொடுத்தவர் பல வருடம் கழித்தும் அதைச் சந்தோஷமாகச் சொல்லுகிறார். விற்றவர் தழும்பை மறைக்கிறார்.

உங்கள் பங்கு

பெரிய மருத்துவமனையில் ஒரே நாளில் அக்காளுக்கும் தம்பிக்கும் அறுவை நடந்தது. பழைய சிறுநீரகங்களை எடுப்பதில்லை. புதியதை அடிவயிற்றின் ஓரத்தில் பொருத்துகிறார்கள். அன்றைக்கே சிறுநீர் வரத் தொடங்கியது. இரண்டு மாதங்கள் கழித்து அந்த அம்மா எங்கள் பிரிவுக்கு வந்து, தாம் வழக்கமாகப் படுத்திருந்த கட்டிலில் இப்போது இருக்கிறவருக்குப் பழம் கொடுத்துவிட்டுப் போனார்கள். தம்பி மறுபடியும் தறிக்குப் போகிறார்.

முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் டயாலிசிஸுக்கும் மாற்று சிகிச்சைக்கும் பேருதவியாக இருக்கிறது. அதற்காகத் தேவனைத் துதிக்கிறோம். ஆனால் பஸ் கட்டணம், துணைக்கு இருப்பவருடைய சாப்பாடு, வாடகை அறை, தறி ஓடாத ஆறு வாரங்கள், வருடந்தோறும் பரிசோதனை இவை மிஞ்சி நிற்கின்றன. கொடுக்கிறவருக்கு நியாயமாக உண்டான செலவையும் இழந்த கூலியையும் ஈடுசெய்வதைச் சட்டம் விலையாக எண்ணுவதில்லை. ஆகையால் அந்த உதவியை நல்மனசாட்சியோடு, கணக்கு வைத்துச் செய்கிறோம். வாங்கினவரோ அந்தச் சிறுநீரகம் இருக்கும் நாளெல்லாம் மாத்திரை சாப்பிட வேண்டும். கையில் காசில்லை என்று நிறுத்தினால், தம்பி கொடுத்த ஈவைச் சரீரம் புறம்பே தள்ளிவிடும்.

நல்ல சமாரியனை நினைத்துக்கொள்ளுங்கள். காயங்கட்டிச் சத்திரத்தில் சேர்த்ததோடு அவர் போய்விடவில்லை. சத்திரக்காரரிடம் பணம் கொடுத்து, மேலும் செலவானால் திரும்பி வரும்போது தருவதாக வாக்களித்தார். முதல் நாள் இரக்கம் பலருக்கு வரும். பின்வரும் மாதங்களின் செலவை ஏற்கிறவர் சிலரே. ஏழை நோயாளர் நிதியைத் தாங்குகிற நீங்கள் அந்தச் சிலரில் இருக்கிறீர்கள்.

கொடுக்க ஒருவரும் கிடைக்காத குடும்பங்களும் எங்களிடம் உண்டு. மூன்று பிள்ளைகளும் பொருந்தாத ஒரு தகப்பனார், மரித்தவர் கொடையாகக் கிடைக்கும் சிறுநீரகத்துக்கு அரசுப் பட்டியலில் பதிந்து காத்திருக்கிறார். 2008-ல் விபத்தில் மூளைச்சாவு அடைந்த சிறுவன் ஹிதேந்திரனுடைய உறுப்புகளை அவன் பெற்றோர் தானம் செய்தது தமிழ்நாட்டில் பலருடைய மனதைத் திறந்தது. 2023 முதல் அப்படிக் கொடுத்தவர்களுக்கு அரசு மரியாதையும் செய்யப்படுகிறது. இதைப்பற்றி உங்கள் சபைகளில் பேசுங்கள். துக்க வீட்டில் முதன்முறையாகக் கேட்பதைவிட, சுகமாய் இருக்கும்போதே குடும்பமாக உட்கார்ந்து பேசுவது நலம்.

கடைசியாக உங்கள் ஜெபத்துக்கு மூன்று விண்ணப்பங்கள். காத்திருக்கிற அந்தத் தகப்பனாருக்காகவும் அவரைப் போன்றவர்களுக்காகவும் ஜெபியுங்கள். தனி அறையில் உட்கார்ந்து, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்ல வேண்டியவர்களுக்காக ஜெபியுங்கள். எந்தப் பதிலானாலும் அவர்கள் பயமில்லாமல் சொல்லட்டும். இரண்டு பதிலையும் ஒரே மரியாதையோடு கேட்கும் இருதயம் எங்களுக்குத் தரப்படவும் ஜெபியுங்கள். உங்கள் சபைகளில் இப்படி ஒரு குடும்பம் இருந்தால், "யார் கொடுக்கப்போகிறீர்கள்?" என்று அவர்களிடம் கேட்காதீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுங்கள். டயாலிசிஸ் நாளில் ஒரு முறை துணைக்கு வாருங்கள்.

இதுவரை உங்கள் ஜெபத்தினாலும் காணிக்கையினாலும் எங்களைத் தாங்கினீர்கள். தேவன் உங்கள் வீடுகளைச் சுகத்தினாலும் சமாதானத்தினாலும் நிரப்புவாராக.